இரும்புக் குழாய்க் கூரைகளின் வெல்டிங்கைப் பெயின்ட் அடிக்கும் முன் சோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
இரும்புக் குழாய்க் கட்டுமான வேலை செய்யும் வெல்டர்

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளிக் கூரை, பேருந்து நிழற்குடை, நடைபாலம் போன்றவற்றுக்கு இரும்புக் குழாயில் சட்டம் செய்யும் வெல்டர் நான். பெரும்பாலும் பெயின்ட் அடித்த பிறகே வேலையைப் பார்வையிட வருகிறார்கள். சந்துகளில் பட்டி பூசித் தேய்த்து, மேலே இரண்டு கோட்டிங் அடித்துவிட்டால் முழு வெல்டிங்கும், அங்கங்கே புள்ளியாக மட்டும் ஒட்டிவைத்த வெறும் டேக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். எவ்வளவு அனுபவம் உள்ள பொறியாளராலும் அப்போது கண்டுபிடிக்க முடியாது.

உருண்டைக் குழாய் இன்னொரு உருண்டைக் குழாயோடு சேரும் இடம்தான் இந்த வேலையிலேயே கடினமானது. ஒன்றின் முனையை மற்றதன் வளைவுக்குப் பொருந்தும்படி குடைந்து வெட்ட வேண்டும். அவசரத்தில் நேராக வெட்டி வைத்தால் இரு பக்கமும் சந்து விழும். அதில் கம்பித் துண்டைத் திணித்து, மேலே வெல்டிங் ராடை உருக்கி மூடிவிடுகிறார்கள். உள்ளே எதுவும் பிடித்திருக்காது. ராடு எட்டாத அடிப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. காற்று கூரையைத் தூக்கி அசைக்கும்போது இப்படிப்பட்ட மூட்டுகளில்தான் விரிசல் விடும். அதன் கீழே நிற்பது குழந்தைகள், ஐயா.

ஜிஐ குழாயில், அதாவது துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், இன்னொரு சிக்கல். அதன் துத்தநாகப் பூச்சு சுமார் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகும். இரும்பு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும். மூட்டைச் சுற்றிப் பூச்சைத் தேய்த்து எடுக்காவிட்டால், அந்த ஆவி வெல்டிங்குக்குள் துளைகளை உண்டாக்கும். புகையைச் சுவாசித்த வெல்டருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் வரலாம்.

ஆகவே, மூட்டுகளைப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திடும் வரை பட்டியோ பெயின்டோ கூடாது என்ற ஒரு வரியை வேலை உத்தரவில் சேர்க்க வேண்டுகிறேன். வெல்டிங்கின் மேல் படியும் ஸ்லாக் என்ற கசடைத் தட்டிக் கம்பி பிரஷால் தேய்த்தாலே மேலே உள்ள துளை, பள்ளம், விடுபட்ட இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நடைபாலம் என்றால், கண்ணுக்குப் படாத மெல்லிய விரிசலைக் காட்டும் சாயச் சோதனையும் செய்ய வேண்டும். அப்புறம், தண்ணீர்க் குழாயைத் தூணாக நிறுத்தாமல், கட்டுமானத் தரக் குழாய்தான் என்பதற்கு ஆலைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த வேலை உத்தரவு வெளியாகும் முன்பே இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வெல்டர்