ஒரு மதிப்பெண் விடையாக நின்றுபோன நாவல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மயிலாடுதுறையில் குடியிருப்பவன். கீழ்க்கோர்ட்டுகளில் 31 வருடம் வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் ரிக்கார்டு ரூமிலேயே கழித்து, ஓய்வு பெற்றவன்.

போன வருடம் என் மகள் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்லுவாள். "தமிழின் முதல் நாவல்?" "பிரதாப முதலியார் சரித்திரம்." "எழுதியவர்?" "மாயூரம் வேதநாயகம் பிள்ளை." "வருடம்?" "1879." சரி என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம். நான் பள்ளியில் படித்தபோதும் இதே மூன்று பதிலைத்தான் மனப்பாடம் செய்தேன். அன்று படுத்த பிறகுதான் உறைத்தது. அவர் இந்த ஊரில் முன்சீபாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக இருந்தவர். மாயூரம் என்பது மயிலாடுதுறையின் பழைய பெயர்தான்; ஊர்ப் பெயரோடு சேர்த்தே அவர் பெயரைச் சொல்கிறோம். ஆயுள் முழுக்கக் கோர்ட்டில் வேலை பார்த்த நான் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியதில்லை.

மறுநாளே ஒரு நூலகத்துக்குப் போனேன். புத்தகம் இருந்தது, ஆனால் கண்ணாடி பீரோவுக்குள். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை போனபோது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்குத் தர முடியாது என்றார்கள். முப்பது பக்கம் படித்துவிட்டு, கடையில் சொல்லிவைத்து ஒரு பிரதி வரவழைத்தேன்.

முதல் பத்துப் பக்கம் கஷ்டம்தான். நீள நீளமான பத்திகள், சம்ஸ்கிருதச் சொற்கள் வேறு. என் மனைவிதான், "எனக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படியுங்களேன்" என்றாள். அப்புறம் தடங்கலே இல்லை. மனதுக்குள் படித்தால் தடுக்குகிற வாக்கியம், சத்தமாகப் படித்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. கதாநாயகன் பிரதாபனின் மனைவி ஞானாம்பாள் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு விக்கிரமபுரி ராஜ்யத்தை ஆளுகிற பகுதி வந்ததும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அதில் ஒரு வழக்கு வருகிறது. பிரதாபன் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம், "இதைச் சரிசெய்து கொடு, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன்" என்கிறான். வேலை முடிந்து காசு கொடுத்தால் அவர் வாங்க மறுக்கிறார். காசு கூடக் கூட, "எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நீ சொன்ன சந்தோஷத்தைக் கொடு" என்கிறார். வழக்கு நியாயஸ்தலத்துக்குப் போய், பிரதாபன் சிறைக்கே போகிறான். பிறகு அது அரசராக இருக்கும் ஞானாம்பாளிடம் வருகிறது. அவள் அந்த மனிதரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள்: நான் பட்டத்துக்கு வந்ததில் உனக்குச் சந்தோஷமா, இல்லையா? அரசர் முன்னால் நின்றுகொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? சந்தோஷம் என்கிறார். அப்படியானால் உனக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது, போகலாம் என்று தீர்ப்பாகிறது.

ஒரே ஒரு வார்த்தைக்கு இரண்டு தரப்பும் இரண்டு அர்த்தம் சொல்லிக்கொண்டு, வாய்தா மேல் வாய்தாவாகப் பெருத்துப் போன கட்டுகளை நான் நாடா அவிழ்த்துக் கட்டியிருக்கிறேன். சந்தோஷக் கதை அதற்கு முன்பே வாய்வழியாக இருந்த கதையாகவும் இருக்கலாம். ஆனால் வாதியின் வார்த்தையாலேயே வாதியின் வழக்கை முடித்துவைக்கிற இடத்தில் ஒரு முன்சீபின் கை தெரிகிறது.

வேதநாயகம் பிள்ளை உத்தியோகத்தைத் தொடங்கியதே திருச்சி கோர்ட்டில் ரிக்கார்டு கீப்பராக. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தைச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மொழிபெயர்ப்பாளராகி, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீபானார். சீர்காழி, மாயூரம் என்று பணி தொடர்ந்தது. மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி 1862-இலேயே 'சித்தாந்த சங்கிரகம்' என்று புத்தகமாகக் கொண்டுவந்தவர். 1876-78 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஊரைக் காப்பாற்றியதற்காகக் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் பாடியிருக்கிறார்.

வக்கீல்கள் தமிழ்க் கட்சிக்காரருக்காகத் தமிழ் நீதிபதி முன்னால் இங்கிலீஷில் வாதாடுவது என்ன நியாயம் என்று நாவலுக்குள்ளேயே கேட்கிறார். நான் வேலையில் இருந்தபோது ஒரு நாள் தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு, எண்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் ரிக்கார்டு ரூம் ஜன்னலுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு ஜெயமா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டார். உள்ளே அவர் வழக்கைத்தான் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசியிருந்தார்கள். 1879-இல் வெளிவந்த அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அந்த அம்மாளின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

இதை முடித்துவிட்டுப் பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்', அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' என்று போய்க்கொண்டிருக்கிறேன். முன்னது புத்தகமாக வந்தது 1896-இல், பின்னது 1898-இல். இவர்கள் இருவரும் 1872-இல் பிறந்தவர்கள். ராஜமய்யர் 26 வயதில் போய்விட்டார் என்று தெரிந்துகொண்டு படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரைக் கதையில் படைத்தவர் இன்னும் முப்பது வருடம் இருந்திருக்கக் கூடாதா?

வேதநாயகம் பிள்ளை பிறந்தது 1826 அக்டோபர் 11. 2026-இல் இருநூறு வருடம். சிலைக்கு மாலை போடுவது நடக்கும், நடக்கட்டும். அதோடு நூலகங்கள் இந்தப் புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்துத் திறந்த அலமாரியில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டும். பெரிய எழுத்தில், பத்தி பிரித்து, அடியில் அருஞ்சொற்பொருள் போட்டு யாராவது ஒரு மலிவுப் பதிப்பு கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடங்களில் அந்தச் சந்தோஷ வழக்கை மட்டுமாவது ஆசிரியர் வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும், பத்து நிமிஷம் போதும். தங்கள் நாளிதழும் வாரம் ஒரு பழைய நாவலிலிருந்து ஒரு பக்கத்தை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

துரைத்தனத்தார் என்றால் அரசாங்கம், ஸ்திரீ என்றால் பெண் என்று படிக்கப் படிக்க ஒரு நோட்டில் எழுதிவந்தேன். 312 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. பதிப்பு போட யாராவது முன்வந்தால் அந்த நோட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோர்ட்டு ரிக்கார்டு கீப்பர்,
மயிலாடுதுறை