அப்பத்தா அறுத்த நெல்

திருப்பாலைக்குடி

அன்பு மகளுக்கு,

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நிரந்தரத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள், கான்ட்ராக்ட் ஆட்களான எங்களை டபுள் ஷிப்ட் பார்க்கச் சொல்கிறார்கள், போகட்டுமா வேண்டாமா என்றாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பத்தா தஞ்சாவூர்ச் சீமைக்கு அறுப்புக்குப் போனவள். நம் ராமநாதபுரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்துக் கண்மாய் வெடித்துவிட்டால், கதிரருவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆணும் பெண்ணுமாகக் கிளம்பிவிடுவார்கள். கீழவெண்மணியில் சனம் எரிந்து போனதற்கு இரண்டு வருசம் முந்தி, 1966 வாக்கில், அவள் போனபோது நான் இடுப்புப் பிள்ளை.

அங்கே உள்ளூர்ச் சனம் கூலி கூடக் கேட்டு வயலில் இறங்காமல் நின்றது. கூட்டிப்போன ஆள் அதைச் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் வரப்பு நெடுக வெறுங்கையோடு பெண்கள். ஒருத்தி அப்பத்தாவிடம் வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாளாம். "பிள்ளை சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, "எங்க பிள்ளைகளும் சாப்பிடலை தாயி" என்றாளாம். திட்டவில்லை, மறிக்கவில்லை. அப்பத்தா தலையைக் குனிந்துகொண்டு இரண்டு நாள் அறுத்தாள். அவள் மடியில் கட்டிக்கொண்டு வந்த நெல்லில்தான் நான் கஞ்சி குடித்தேன்.

வரப்பில் நின்றார்களே, அவர்கள் யார் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சீமையில் பண்ணையாள் என்றால் குடும்பத்தோடு அடிமை. நேரம் தப்பி வந்தால் சவுக்கடி, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுகிற சாணிப்பால். 1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் செங்கொடிச் சங்கம் வைத்தார்கள். சீனிவாசராவ் என்ற கன்னடக்காரர், அந்தச் சேரிகளிலேயே தங்கி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு ஆட்களைச் சேர்த்தார். அடுத்த வருசமே மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்த, நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மிராசுதார்களைக் கையெழுத்துப் போட வைத்தது அந்தச் சங்கம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சிறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தவர்கள் உண்டு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்ததும் கூலி தானாகவா ஏறிவிடும்? 1966இல் மிராசுதார்கள் தங்களுக்கென்று நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்துக்கொண்டார்கள். உள்ளூர் ஆள் வயலில் இறங்க மறுத்தால் வெளியூர் ஆளை இறக்கு என்பதுதான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம். பசியோடு போன நம் ஆட்கள்தான் அந்த வெளியூர் ஆட்கள்.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். அங்கேயும் சண்டை கூலி நெல்லுக்கும், வெளியூர் ஆளை இறக்கியதற்கும்தான். மறுவருசம் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. தீ வைத்த வழக்கில் தண்டனை பெற்றவர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது.

செய்தி நம்மூர் வந்து சேர்ந்த அன்றைக்கு அப்பத்தா உலை வைக்கவில்லை. என் கன்னத்தைத் தொட்டவள் எந்த ஊர்க்காரி என்று அவளுக்குத் தெரியாது. "அவளா இருக்குமோ, அவளா இருக்குமோ" என்று சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாயி, போகாதே. அப்பத்தாவுக்கு வேறு வழி இல்லை, இடுப்பில் நான் இருந்தேன். உனக்கு அந்த நெருக்கடி வர நான் விடமாட்டேன். முண்டு மிளகாய் விற்ற காசு அப்படியே இருக்கிறது. இந்த மாச வாடகையும் அடுத்த மாச வாடகையும் திங்கட்கிழமை உன் கணக்கில் போட்டுவிடுகிறேன். வெளியே உட்கார்ந்திருப்பவர்களிடம் நீயே போய்ப் பேசு. கான்ட்ராக்ட் ஆட்களையும் சங்கத்தில் சேர்ப்பார்களா என்று கேள். சேர்க்க மாட்டோம் என்றால் அதையும் எனக்குச் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா