எஸ்எஸ்டி-யைக் காப்பாற்ற ஸ்வாப்பை அடைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தி, லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றி, தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கூடவே புலனக் குழுக்களில் ஓர் அறிவுரையும் சுற்றுகிறது: "எஸ்எஸ்டி போட்டாச்சா? முதல்ல ஸ்வாப்பை அடைச்சிடுங்க, இல்லன்னா சீக்கிரம் செத்துடும்." ரேம் நிறையும்போது அதிலுள்ள தரவைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க டிஸ்கில் விடப்படும் இடம்தான் ஸ்வாப். அதை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு இதைவிடக் கெடுதலான யோசனை இல்லை.

எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 240 ஜிபி கொள்ளளவுள்ள மலிவு விலை எஸ்எஸ்டி-களில் 80 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருபவை உண்டு. ஸ்வாப் மட்டுமே நாளொன்றுக்கு 10 ஜிபி எழுதுவதாக வைத்துக்கொண்டாலும் 80,000 ஜிபி தீர 8,000 நாள் ஆகும். ஏறத்தாழ 22 ஆண்டுகள். அதற்குள் அந்த மடிக்கணினியின் பேட்டரி, கீல், விசைப்பலகை எல்லாம் போய்விடும். மைக்ரோசாப்ட் பொறியாளர்களும் 2009இல், விண்டோஸ் 7 வெளிவரவிருந்த சமயத்தில், இதை ஆராய்ந்து எழுதினார்கள். விண்டோஸில் ஸ்வாப்பின் வேலையைச் செய்யும் பேஜ்ஃபைலில் எழுதுவதைவிடப் படிப்பது சுமார் 40 மடங்கு அதிகம், அதை எஸ்எஸ்டி-யில் வைப்பதே பொருத்தம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஸ்வாப்பை அடைத்தால் என்ன ஆகும்? பலரும் நினைப்பதுபோல் டிஸ்க் ஓய்வெடுப்பதில்லை. 4 ஜிபி ரேமில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் பிடித்துக்கொள்ளும். கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளப் பக்கத்தையும் கூகள் மீட்டையும் ஒன்றாகத் திறந்தால் மிச்சமும் நிறைந்துவிடும். பல மணி நேரமாகத் தொடாத ஒரு டேப்பின் தரவைக்கூட வெளியேற்ற இடமில்லாததால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேறு வழியின்றி உலாவியின் நிரல் பக்கங்களையே ரேமிலிருந்து தள்ளிவிடுகிறது. அடுத்த நொடியே அவை தேவைப்படும், டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கும், மறுபடி தள்ளும். மவுஸ் அம்புக்குறி உறைந்து நிற்க, டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிகிற காட்சி இதுதான். "எஸ்எஸ்டி கோளாறு" என்று பலர் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

விண்டோஸிலும் இதே கதைதான். பேஜ்ஃபைலை நீக்கினால் நிரல்களுக்கு ஒதுக்கக்கூடிய மொத்த நினைவக வரம்பே சுருங்கிவிடும். ரேமில் இடம் காலியாகத் தெரியும்போதே "நினைவகம் போதவில்லை" என்று நிரல் மூடிக்கொள்வது அதனால்தான். வெர்ச்சுவல் மெமரி அமைப்பில் தானியங்கி நிர்வாகக் கட்டத்தில் குறியிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். எஸ்எஸ்டி-யைக் காப்பதற்காக பேஜ்ஃபைலைப் பழைய ஹார்ட் டிஸ்கிற்கு மாற்றுவது அதைவிட மோசம். சிதறிக் கிடக்கும் 4 கேபி பக்கங்களை ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூறு அளவில்தான் எடுக்கும். ஆயிரம் பக்கம் தேவைப்பட்டால் பத்து நொடி காத்திருக்க வேண்டும்.

லினக்ஸில் ஸ்வாப்பை அடைக்காதவர்களும் ஸ்வாப்பினஸ் எண்ணை 10 அல்லது 1 என்று குறைத்துவிடுகிறார்கள். 10 என்றால் ரேம் 90 விழுக்காடு நிறைந்த பிறகே ஸ்வாப் தொடங்கும் என்ற விளக்கம் தவறு. அது விழுக்காடே அல்ல. இடம் தேவைப்படும்போது நிரல்களின் தரவை ஸ்வாப்புக்கு அனுப்புவதா, டிஸ்கிலிருந்து படித்து வைத்த கோப்புப் பக்கங்களைக் கைவிடுவதா என்று எடைபோடும் எண் அது. இயல்பாக 60 இருக்கும். 100 என்றால் இரண்டுக்கும் ஒரே செலவு என்று பொருள். 2020இல் வந்த 5.8 கெர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். ரேம் குறைந்த கணினியில் 10 வைத்தால், மேலே சொன்ன உறைநிலைக்கு நாமே பாதி வழி போய்விடுகிறோம். 60-ஐ அப்படியே விடுவது மேல்.

உண்மையிலேயே எஸ்எஸ்டி-யில் எழுதுவதைக் குறைக்க விரும்பினால் அதற்கு இசட்ரேம் இருக்கிறது. தரவை டிஸ்கிற்கு அனுப்பாமல், சுருக்கி ரேமிலேயே வைக்கும் ஸ்வாப் இது. பெரும்பாலும் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ சுருங்கும். ஃபெடோரா 33 பதிப்பிலிருந்து இதையே இயல்பாக வைத்திருக்கிறது. மிண்டில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நிறுவியதோடு விட்டால் கிடைப்பது 256 எம்பி மட்டுமே. அதன் அமைப்புக் கோப்பில் 'பெர்சென்ட்' வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, 50 என்று வைத்து, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். டிஸ்கில் உள்ள ஸ்வாப் கோப்பை அழிக்க வேண்டாம். இசட்ரேமுக்கு முன்னுரிமை அதிகம் என்பதால் அது நிறைந்த பிறகே டிஸ்க் பக்கம் போகும். இசட்ரேம் உள்ள கணினியில் ஸ்வாப்பினஸை 100-க்கு உயர்த்தலாம். அந்த மாற்றத்தை நிரந்தரமாக்க எழுதும் கோப்பின் பெயர் 'டாட் கான்ஃப்' என்று முடியாவிட்டால், அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது பழைய எண்ணே திரும்பிவிடும். ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதியைப் பயன்படுத்துவோருக்கு டிஸ்க் ஸ்வாப் கட்டாயம். மின்சாரம் போனால் இசட்ரேமில் உள்ளதும் போய்விடும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, டெர்மினலில் 'விஎம்ஸ்டாட் 1' கொடுத்து ஸ்வாப்பிலிருந்து படிப்பதைக் காட்டும் எஸ்ஐ, அதில் எழுதுவதைக் காட்டும் எஸ்ஓ ஆகிய இரண்டு பத்திகளைக் கவனிக்கவும். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்தான சராசரி, அதை விட்டுவிடுங்கள். ஸ்வாப்பில் 500 எம்பி கிடந்தாலும் இரண்டும் 0 என்றால் கவலை இல்லை. இசட்ரேம் இல்லாத கணினியில் இரண்டும் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தால் எந்த எண்ணை மாற்றியும் பயனில்லை. ரேம்தான் கூட்ட வேண்டும். பழைய மடிக்கணினிகளில் இரண்டாவது ரேம் செருகிடம் காலியாக இருப்பதுண்டு. 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகை ரேமை மட்டுமே ஏற்கும் கணினியில் 1.5 வோல்ட் ரேமைச் செருகக் கூடாது. ஏற்கெனவே உள்ள ரேமின் ஒட்டுச்சீட்டில் 'பிசி3எல்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
சுங்கை சிப்புட் (உ), பேராக்.