விழப்போகிற பல்தானே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குப் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு கோணலாக முளைத்தால், பரம்பரை வாகு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தாடை சிறுத்தும் பற்கள் பெருத்தும் அமைவதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பால் பற்களை நாம் அலட்சியப்படுத்துவதும் ஒரு காரணம் என்பதை என் மகள் விஷயத்தில் தாமதமாகவே தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு 6 வயது நடந்தபோது மேல்வரிசையின் கடைசிப் பால் பல் சொத்தையாகி, இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விழப்போகிற பல்தானே என்று நாங்களே சொல்லிப் பிடுங்கச் செய்தோம். காலியான இடத்தைப் பற்றி அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. 12 வயதில் அதே பக்கத்துச் சிங்கப்பல், ஈறின் மேட்டிலிருந்து உதட்டைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று உறவினர்கள் சொன்னதில் அவளுக்குச் சமாதானம் இல்லை.

பிறகு பார்த்த பல் சீரமைப்பு மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். பால் பற்கள் 20. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருந்து, அடியில் வளரும் நிலைப் பற்களுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியவை. 6 வயதுவாக்கில் அவற்றுக்குப் பின்னால் முளைக்கும் நிலையான கடைவாய்ப்பல், முன்னே இடம் காலியாக இருந்தால் நகர்ந்து வந்துவிடும். மிச்சமுள்ள இடத்தை அடுத்தடுத்து வரும் பற்கள் பிடித்துக்கொள்ள, பெரும்பாலும் கடைசியாக வரும் மேல் சிங்கப்பல், நெரிசல் பேருந்தில் படிக்கட்டில் தொற்றுபவரைப் போல வரிசைக்கு வெளியே நிற்கிறது.

சொத்தையை அடைத்தோ வேர் சிகிச்சை செய்தோ பெரும்பாலும் பால் பல்லைக் காப்பாற்றிவிடலாமாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால், இடைவெளி மூடிவிடாதபடி பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி, அதிலிருந்து ஒரு சிறு கம்பியை நீட்டிப் பொருத்துவார்களாம். கிளிப் போட்டு நாங்கள் அலைந்த இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது எம்மாத்திரம்! (பால் பற்கள் இடைவெளி விட்டு நிற்பதைக் கண்டு கவலைப்படும் பெற்றோரும் உண்டு, பின்னால் வரும் அகலமான முன்பற்களுக்கு அந்த இடைவெளி தேவைப்படுகிறது.)

பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் சொத்தைப் பல்லைக் கண்டால் பெற்றோருக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில், 'பல்லை எடுத்தால் அந்த இடத்தைக் காக்கக் கம்பி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்' என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.