மாமரத்துக்கு மருந்து அடிக்கவில்லை

மோல்மீன், மியான்மர்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமரத்துக்கு மருந்து வாங்கச் சொல்லி நீ அனுப்பிய பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மருந்து அடிக்கப் போவதில்லை. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

காம்பைக் கிள்ளினால் சொனை பீச்சியடிக்குமே, சின்ன வயதில் உன் உதட்டோரம் பட்டுப் புண்ணாக்கியதே, அதுதான் மரத்தின் காவல். மாங்காயின் தோலுக்குள் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் சொனை அழுத்தத்தோடு நிற்கிறது. பழ ஈ தோலைக் குத்தி முட்டை வைக்கும்போது குழாய் அறுபட்டால் சொனை பொங்கிவிடும். முட்டையும் புழுவும் அதிலேயே சாகும். நேற்று ஒரு காயைத் திருப்பிப் பார்த்தேன். ஊசி குத்திய அளவுக்கு ஒரு புள்ளி, அதன் மேல் சொனை வழிந்து கண்ணாடி போல் உறைந்திருந்தது. அறுத்தேன், உள்ளே புழு இல்லை.

பப்பாளிப் பாலும் அப்படித்தான். அம்மா கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறாளே, கறியை மெத்தென்று ஆக்கும் அந்தப் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதிதான் இலையைக் கடிக்கும் புழுவையும் தாக்குகிறது. 2004-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். இலையை அப்படியே தின்ற புழுக்களுக்கு அது நஞ்சானது. பொடியாக நறுக்கிப் பாலைக் கழுவிவிட்டுக் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. பம்பளிமாசுக்குத் தோலில் உள்ள எண்ணெய்தான் காவல்.

சரி, அப்படியானால் ஏன் பழத்தில் புழு வருகிறது என்று கேட்பாய். காய் பழுக்கப் பழுக்கச் சொனையின் வேகம் குறைந்துவிடுகிறது. ஈ நுழைவது அப்போதுதான். நம் கை தேவைப்படுவதும் அந்த நேரத்துக்குத்தான். அதனால் முற்றிய செயின்தலோன் வகை மாங்காய்களுக்கு இப்போதே காகித உறை மாட்டுகிறேன். கீழே விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைக்கிறேன். விட்டுவைத்தால் புழு மண்ணுக்குள் போய்க் கூண்டுப்புழுவாகி மறுபடி ஈயாகக் கிளம்பும். உச்சிக் கிளையில் இலைகளைச் சேர்த்து முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. ஈயை உட்கார விடாமல் விரட்டுகிற முசுறும் மருந்தடித்தால் சேர்ந்து சாகும். எனக்கு அது பெரிய நஷ்டம்.

அப்புறம், ஏப்ரலில் திஞ்சான் புத்தாண்டு லீவுக்கு வருவதாகச் சொன்னாயே, முடிந்தால் மே மாதத்துக்குத் தள்ளிப்போடு. அப்போது வந்தால் நன்றாகப் பழுத்ததாகவே சாப்பிடலாம்.

உன் அப்பா