வீமன் போன செய்தி

ஃபின்மார்க், நோர்வே
தை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தான்தோன்றீஸ்வரரை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சின்னவன் அன்றைக்கே போனில் சொன்னவன்தான், ஆனால் அவன் அழுத அழுகையில் எனக்குப் பாதி விளங்கவில்லை. வயல் வட்டையால் வந்து, கைகால் கழுவி, சோறு போடச் சொல்லிவிட்டுத் திண்ணையில் சாய்ந்த வீமன் எழும்பவேயில்லை என்பதை நீங்கள் எழுதித்தான் அறிந்தேன். பழைய கூத்துக்காரர் எல்லாரும் வந்து நின்றதாகவும், அவனுடைய சதங்கையைக் காலடியில் வைத்து எடுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இங்கே இப்போது இருட்டுக் காலம். கார்த்திகையில் போன சூரியன் தை நடுப்பகுதி தாண்டித்தான் முகம் காட்டும். மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளிக்கும், மறுகா இருட்டுத்தான். குளிருக்கு உடுப்பெல்லாம் இருக்கிறது, பயப்பட வேண்டாம். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. இங்கத்தைய மீன் டோர்ஷ்க், சதை வெள்ளை வெளேரென்று இருக்கும். டின் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் வைத்தால் ருசிதான், ஆனால் நம்ம ஆற்று மீனின் வாசம் வராது. மாசிக்குப் பிறகு இந்த மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். ஒரு கல் உப்புக்கூடப் போடுவதில்லை, குளிர்காற்றிலேயே காய்ந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து மீன் நாக்கு வெட்டி விற்றுக் கைச்செலவுக்குக் காசு சேர்ப்பார்கள். நம்ம கருவாட்டு வாடியை அறிந்த வீமனுக்கு இதைச் சொன்னபோது, உப்பில்லாமல் புழுப் பிடிக்காதா என்று அவன் நம்பவேயில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். கடலுக்குப் போய் ஓய்ந்த மனுஷன். இத்தனை வருஷம் பழகியும் காற்று, பனி தவிர வேறு பேச்சுக் கிடையாது. நான் எழும்ப முன்னமே என் வாசல் பனியைத் தள்ளிவிட்டிருப்பார். செய்தி வந்த மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. வந்து ஏன் என்று கேட்டார். சின்ன வயதுக் கூட்டாளி செத்துப்போனான், இன்றைக்கு அடக்கம் என்றேன். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். நம்ம ஊருக்கும் இங்கேக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியால வித்தியாசம், அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். போனவர் தன் வளவுக் கம்பத்தில் கொடியை ஏற்றி அரைவாசியில் நிறுத்தினார். அடக்கம் முடிந்திருக்கும் என்று நான் சொன்ன நேரத்துக்குத் திரும்ப வந்து, கையுறையைக் கழற்றி வெறுங்கையால் கயிற்றை இழுத்து, உச்சிவரை ஏற்றினார். அயலில் சாவு விழுந்தால் அதுதான் இவர்கள் முறை. வீமனை அவர் படத்திலும் கண்டதில்லை. நான் யன்னலடியில் நின்று அழுதேன் அக்கா.

கூத்தில் வீமன் வேஷம் கட்டியதால்தான் அவனுக்கு அந்தப் பெயர் என்று இப்போதைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், பெயர்தான் முதலில் வந்தது. 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி நம்ம வீட்டுக் கிடுகைப் பிய்த்தெறிந்தபோது, அம்மம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு தென்னைகள் முறிந்து விழ விழக் கோயிலடிக்கு ஓடினானே, அன்றைக்கு அம்மம்மா வைத்த பெயர் அது. மறுகாதான் கூத்துப் பழக்கின அண்ணாவியார் சட்டம் கொடுக்கும்போது, அதுதான் ஆருக்கு எந்த வேஷம் என்று பிரித்துக் கொடுக்கும்போது, "வீமன் இருக்க வேற வீமனை எங்க தேடுற?" என்று கொப்பியை அவன் கையில் கொடுத்தார். எனக்குச் சகாதேவன். மாதக்கணக்காக ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதுதான் கடைசி ஒத்திகை முடித்து, அரங்கேற்றின அந்த விடியப்புறம் இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. திரைக்குப் பின்னால் அவன் முதல் அடி வைத்த சத்தத்துக்கே களரியைச் சுற்றிப் படுத்துக் கிடந்த பிள்ளைகள் எழும்பி உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு வீட்டுக்கு வீடு ஆடப் போனபோது நம்ம வளவில் அம்மா கொடுத்த தயிர்ச் சட்டியை உடுப்புக் கழற்றாமல் நின்றபடியே முடித்தான்.

நான் புறப்பட்ட அன்று மண்முனைத் துறையில் ஆற்றைக் கடக்கிற பாதைப் படகில் ஏறி, அக்கரையில் பஸ் வரும்வரை என் பெட்டியைக் கீழே வைக்கவே விடவில்லை. 2014இல் பாலம் திறந்ததும் அதில் நின்று போன் எடுத்தான். "மச்சான், இனி நீ வந்தாப் பாதைக்குக் காவல் நிக்கத் தேவையில்ல, நேர வீட்ட வரலாம்" என்றான்.

அக்கா, எனக்கு ஊருக்கு வரவேணும் போல இருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு பின்னேரம் இருந்தால் போதும்.

சரி, இந்த முறை அனுப்பினது கொஞ்சம் குறைவு. கடல் மோசம், வள்ளங்கள் போகாததால் வேலை நாளும் குறைவு. மாசியில் மீன் வந்ததும் சரியாகிவிடும், நீங்கள் யோசிக்காதீர்கள். அதில் பாதியை 31ஆம் நாள் செலவுக்கு வீமன் பெண்சாதியிடம் கொடுங்கள். நான் தந்ததென்று சொன்னால் வாங்கமாட்டா, அவனுக்கு நான் தரவேண்டிய பழைய காசு என்று சொல்லுங்கள். மூத்தவளின் வீட்டுக்கு ஓடுதான் போடவேண்டும், தகரம் வேண்டாம். கலியாணத்துக்கு நாள் குறிக்க முன் எனக்கு அறிவியுங்கள்.

வீமன் செய்த நம்ம வயலை இந்தப் பெரும்போகம் அவனுடைய மகனே வெட்டட்டும், குத்தகை நெல் வாங்க வேண்டாம். அடுத்த போகமும் அவனே செய்யட்டும். அத்தான் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், தம்பி மறித்துவிட்டான் என்று சொல்லி நிறுத்துங்கள். அத்தானின் கண்ணைக் காட்ட எப்போது வரச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதை மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி