ஜலப்பிரளயத்தின் சாட்சி

அன்புள்ள சேவியருக்கு,

கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலூரில் வேலை கிடைத்திருக்கிறது.

புதைபடிவங்களுக்கு, மனிதர்களின் பாவத்தால் வந்ததாக பைபிள் சொல்லும் நோவா கால ஜலப்பிரளயத்தைக் காரணம் காட்டியவர்களை மூடர்கள் என்று எழுதியிருந்தாய். அதை நான் ஏற்கமாட்டேன். சூரிச் நகர மருத்துவர் ஷாய்க்சரையே எடுத்துக்கொள். பாறையில் தெரியும் மீனும் சிப்பியும் இயற்கையின் வெறும் விளையாட்டு, அவை ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை என்று அறிஞர்கள் பலர் நம்பிய காலம் அது. முதலில் அவரும் அப்படித்தான் நினைத்தார். பிரளய நீரில் கரைந்த பூமி அடுக்கடுக்காகப் படிந்தபோது உயிரினங்களும் அதில் புதைந்தன என்று இங்கிலாந்தின் ஜான் வுட்வர்ட் 1695இல் எழுதிய நூல் அவர் மனத்தை மாற்றியது. 1708இல் ஷாய்க்சர் வெளியிட்ட சிறு நூலில் மீன்களே மனிதர்களிடம் முறையிடுகின்றன: உங்கள் பாவத்தால் நாங்கள் மாண்டோம், இப்போது நாங்கள் வாழ்ந்ததையே மறுக்கிறீர்களே என்று!

1725இல் ஜெர்மனியின் ஓனிங்கன் கல்குவாரியில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அகன்ற தலை, பெரிய கண்குழிகள், நீண்ட முதுகெலும்பு. பிரளயத்தில் மாண்ட பாவி மனிதன் என்று ஷாய்க்சர் முடிவு கட்டி, மறு ஆண்டே படத்தோடு அச்சிட்டார். மனித எலும்பை நன்கறிந்த மருத்துவர் இப்படிச் சறுக்கியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

1811இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் கூவியே, அந்தக் கல் இருந்த நெதர்லாந்தின் ஹார்லெம் நகருக்கு வந்து, அதைச் செதுக்க அனுமதி பெற்றார். பல்லி போன்ற உருவமுள்ள, தவளை இனத்துக்கு உறவான சாலமாண்டரின் எலும்புப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கச் செதுக்க, அவர் எதிர்பார்த்தபடியே முன்னங்கால்கள் வெளிப்பட்டன. மனிதனல்ல, ராட்சத சாலமாண்டர்!

ஆனால் யோசித்துப் பார். இயற்கையின் விளையாட்டு என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் கல்லில் சரிபார்க்க என்ன இருந்திருக்கும்? ஒரு காலத்தில் உயிரோடு இருந்த உடல் இது என்று ஷாய்க்சர் பிடிவாதமாகச் சொன்னதால்தான், யாருடைய உடல் என்ற கேள்வியே எழுந்தது. பின்னாளில் அந்த விலங்கினத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கல் ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உன் மூத்தவன் இருக்கும் ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்து ஊர்தான். ஒரு விடுமுறை நாளில் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல். கைப்பகுதி தெளிவாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்